செகண்ட் ஹேண்ட் நிஞ்ஜா 650: பார்த்து வாங்குவதிலிருந்து முதல் ஆயில் மாற்றுவது வரை

கவாசாகி நிஞ்ஜா 650-க்கு முகம் மட்டும்தான் ரேஸ் வண்டி. ஏறி உட்கார்ந்தால் ஹேண்டில் உயரமாகக் கைக்கு வரும், முதுகு லேசாகத்தான் குனியும். சீட் உயரம் 790 மி.மீ., அதனால் ஐந்தரை அடி ஆளுக்குக்கூட சிக்னலில் கால் ஊன்றிவிடும். இன்ஜின் 649 சிசி, பேரலல் ட்வின் (அருகருகே இரண்டு சிலிண்டர்), லிக்விட் கூல்டு. 8,000 ஆர்பிஎம்-மில் 68 பிஎஸ் பவர், 6,700 ஆர்பிஎம்-மில் 64 நியூட்டன் மீட்டர் டார்க். காகிதத்தில் இதைவிட வேகமான 600 சிசி வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் நான்கு சிலிண்டர் 600-கள் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் விழித்துக்கொள்ளும். இது 3,000-லேயே இழுக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, சந்து கிடைத்ததும் கியர் குறைக்காமல் தாண்டிப் போக வேண்டிய நம் சாலைக்கு எது தேவை என்பது சொல்லாமலே புரியும்.

இது செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எந்த வருஷத்து வண்டி

இந்தியாவுக்கு இது 2011-இல் பஜாஜ் வழியாக நிஞ்ஜா 650ஆர் என்ற பெயரில் வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் கனமானவை. 2017-இல் ஃபிரேமே மாறியது. மெல்லிய குழாய்களைக் கோத்த ட்ரெல்லிஸ் ஃபிரேம் வந்து, வண்டி ஏறக்குறைய 195 கிலோவுக்கு இறங்கியது. கூடவே அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் வந்ததால் லீவர் இழுக்க இலகுவாயிற்று. நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு இந்த ஒன்றின் அருமை தெரியும். 2020 மாடலில் எல்இடி ஹெட்லைட்டும் டிஎஃப்டி (வண்ணத் திரை) மீட்டரும், 2023-இல் பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் சேர்ந்தன.

தினசரி ஓட்டத்துக்கு என்றால் 2017-க்குப் பிந்தையதையே தேடுங்கள். பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் ஏபிஎஸ் இல்லாதவை உண்டு. முன் சக்கரத்தின் நடுவே, டிஸ்க்குக்கு உள்ளே, துளைகள் வரிசையாகப் போட்ட சிறு வளையம் இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் ஏபிஎஸ்ஸும் இல்லை. ஃபேரிங்கில் (வண்டியைப் போர்த்திய பிளாஸ்டிக் உறை) ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இன்னொன்று: 2011-இல் பதிவான வண்டிக்கு 2026-இல் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் உங்கள் தலையில்தான் விழும்.

வண்டியைப் பார்க்கும்போது

பார்க்க வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் கவரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது: பேட்டரி சோர்வு, புகை, ஸ்டார்ட் ஆனதும் வரும் செயின் டென்ஷனர் சத்தம் எல்லாம் முதல் முப்பது நொடியில்தான் வெளிப்படும். இந்த இன்ஜினில் லேசான டிக் டிக் சத்தம் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். வால்வ் இடைவெளி இறுகிப்போன இன்ஜின்தான் அதிக அமைதியாக ஓடும். அதில் வால்வ் சரியாக மூடாமல் மெல்லக் கருகும். அதனால் ஓடோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் வால்வ் கிளியரன்ஸ் பார்த்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஃபேரிங்கைப் பார்த்துப் பயனில்லை. அதை மாற்றிவிடுவார்கள் அல்லது பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: ஹேண்டில் முனை எடை, பிரேக், கிளட்ச் லீவர்களின் உருண்டை நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை, இன்ஜின் பக்கக் கவரின் விளிம்பு. இவற்றில் தேய்ந்த தடம் இருந்தால் நின்ற இடத்தில் சாய்ந்திருக்கலாம். அது பெரிய குற்றமில்லை, இந்த எடை வண்டியில் எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். பெரிய விபத்து வேறு தடம் விடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஃபிரேமில் ஃபோர்க் முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அங்கே உலோகம் மடங்கியிருந்தால் வண்டி எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஃபோர்க் குழாய் 41 மி.மீ. தடிமன். அதன் பளபளப்பான பகுதியில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய்ப் பசையோடு தூசி வளையம் ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. சீல் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் கசிந்த எண்ணெய் பிரேக் பேடில் இறங்கியிருந்தால் பேடையும் மாற்ற வேண்டும், அதை விலையில் குறைத்துப் பேசுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக்’ என்று தட்டினால் ஸ்டியரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் பேரிங் தேய்ந்துவிட்டது.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லிலிருந்து பாதிப் பல் உயரத்துக்கு மேல் விலகினால் செயின் முடிந்தது. செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்கள் புதியதையும் தின்றுவிடும் என்பதால், 15 பல் முன் ஸ்ப்ராக்கெட், 46 பல் பின் ஸ்ப்ராக்கெட், 520 அளவு செயின் மூன்றையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷ டயர் மழையில் பிடிக்காது. பிரேக் டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியரால் அளந்துவிடலாம்.

பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். அணைத்த நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஸ்டார்ட் செய்து 4,000 ஆர்பிஎம்-மில் வைத்தால் 14-ஐ ஒட்டி வர வேண்டும். 13-இலேயே நின்றாலும் 15-ஐத் தாண்டினாலும் சார்ஜிங் பக்கம் கோளாறு.

ஓட்டிப் பார்க்கும்போது பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. வண்டி நிற்கும்போது முதல் கியரிலிருந்து மேலே தூக்கினால் நியூட்ரலோடு நின்றுவிடும், இரண்டாவது விழாது. கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்து விலை பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது கவாசாகி வேண்டுமென்றே வைத்த அமைப்பு, சிக்னலில் நியூட்ரல் தேடித் தடுமாறாமல் இருக்க. வண்டி உருளத் தொடங்கினால் இரண்டாவது ஒழுங்காக விழும்.

காகிதம்: ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்ததோடு கண்ணால் ஒப்பிடுங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு என்றால் படிவம் 28-ஓடு இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். இந்த வகை வண்டிக்கு அது சின்னத் தொகை இல்லை. மலிவாகத் தெரியும் வெளிமாநில வண்டி பாதி நேரம் மலிவே இல்லை. ஒரிஜினல் சைலன்சரை மாற்றியிருந்தால் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லீவர்களிலிருந்து தொடங்கலாம். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் லீவர் கிளாம்பைத் தளர்த்திக் கீழே சாயுங்கள். 2017-க்குப் பிந்தைய வண்டிகளில் இரண்டு லீவரிலும் ஐந்து நிலை சக்கரம் இருக்கிறது. விரலின் இரண்டாம் கணு லீவரில் படியும் நிலையில் வையுங்கள். கிளட்ச் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. ஃப்ரீ ப்ளே (இழுத்தவுடன் வரும் வெறும் தொய்வு) வேண்டும். அறவே இல்லாவிட்டால் கிளட்ச் நழுவித் தேயும், அதிகமானால் நியூட்ரல் கிடைக்காமல் அடம்பிடிக்கும்.

அடுத்தது சஸ்பென்ஷன். முன் ஃபோர்க்கில் திருப்ப எதுவும் இல்லை, பின் ஷாக்கில் பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) மட்டும்தான். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது என்ற புகாரில் பாதி இதனால் வருவது. அளப்பது இப்படி: பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்சிலுக்கும் நேர் மேலே டெயில் பகுதியில் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் போடும் ஹெல்மெட், பை, ஷூவோடு நீங்கள் உட்கார, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிக்கும் இடையே அளக்கட்டும். வித்தியாசம் 30 முதல் 35 மி.மீ. வர வேண்டும். 45 வந்தால் கொக்கி ஸ்பேனரால் பிரீலோடை ஒரு படி ஏற்றி மீண்டும் அளங்கள். பின்னால் ஆள் உட்காரும் நாளில் இன்னும் இரண்டு படி. இந்த வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 130 மி.மீ. தான், சைலன்சரும் அடிவயிற்றில்தான் இருக்கிறது. தெருவில் தாங்களாகவே சிமென்ட் குழைத்துப் போட்ட ஸ்பீடு பிரேக்கர்களை நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக, பிரேக்கை விட்டுவிட்டு ஏறுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் ஃபோர்க் அமுங்கி, இருக்கிற இடைவெளியும் போய்விடும்.

எடை 85 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு முன் ஸ்பிரிங் மென்மையாகத் தெரியும், பிரேக் பிடித்தால் மூக்கு குப்புறச் சாயும். தடித்த ஆயில் ஊற்றி அதைச் சரிக்கட்டுவது அரைகுறை வேலை. சிறு குழிகளில் கை நடுங்கும். உங்கள் எடைக்கான ஸ்பிரிங் மாற்றுவதே சரி.

டயர் காற்று குளிர்ந்த நிலையில் முன்னே 32, பின்னே 36 பி.எஸ்.ஐ. பங்கில் காற்றடிப்பவர் தன் வழக்கத்துக்கு இரண்டுக்கும் ஒரே அளவு வைத்துவிடுவார். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றுவது

முந்தைய ஓனர் நேற்றுதான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் மாற்றிவிடுங்கள். தேவையானவை: 10டபிள்யூ-40 ஆயில் இரண்டு லிட்டர், ஃபில்டர், புது டிரெய்ன் வாஷர், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), வண்டியை நேராக நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட். ஆயில் டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். இதில் கிளட்ச் தகடுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன, அதனால் அவை நழுவ ஆரம்பிக்கும்.

1. இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளகினால் போதும். நீண்ட பயணம் முடித்த கையோடு திறந்தால் சைலன்சரில் கை சுடும்.

2. வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கீழே டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் திருப்பும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடி திருப்பி, சட்டென்று விலக்குங்கள். கை நனையாது. வடிந்த ஆயிலில் விரல் வைத்துத் தேயுங்கள். கருப்பு சரி, மினுமினுக்கும் உலோகத்துகள் சரியில்லை. பால் நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

3. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடே வந்ததா என்று பாருங்கள். இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது சகஜம். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். நிறுத்தியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஓட்டத் தொடங்கிப் பிரஷர் ஏறியதும் ஆயில் பீய்ச்சி நேராகப் பின் டயரில் விழும். வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் செய்யும் தவறுகளில் ஆளைக் கீழே தள்ளக்கூடியது இது.

4. புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி மாட்டுங்கள், இறுக்கம் 17.5 நியூட்டன் மீட்டர். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷரோடு 30. நீளமான ஸ்பேனரை வைத்து மூச்சைப் பிடித்து முறுக்குபவர்கள்தான் அலுமினிய மரையை உரித்துவிட்டு லேத் பட்டறைக்கு அலைகிறார்கள்.

5. ஃபில்டரும் மாற்றினால் 1.8 லிட்டர் பிடிக்கும். 1.6 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இன்ஜின் வலப்பக்கக் கண்ணாடியில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே நிற்கும்படி மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பிக் கூட ஊற்றினால் ஆயில் ஏர் பாக்ஸுக்குள் ஏறும்.

நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 6,000 கி.மீ.க்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது.

செயின்

தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் விட்டு, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ச் செயினை மேலும் கீழும் தள்ளி அளங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நாலைந்து இடத்தில் பாருங்கள். அதிகம் இறுகியிருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் சொல்லும் அளவு வர வேண்டும். தொய்வாகத் தெரிந்த இடத்தில் சரிசெய்தால், இறுகிய இடம் சுற்றி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் வெளிமுனை பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் கால் சுற்று, கால் சுற்றாக ஒரே அளவு திருப்புங்கள். பக்கத்துக்கோடுகள் சமமாக இருக்கிறதா பார்த்து, சக்கரத்தை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு நட்டை 108 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளப்பது கட்டாயம், ஏனென்றால் இறுக்கும்போது அது மாறும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

செயின் லூப் 500 கி.மீ.க்கு ஒருமுறை. ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது, உட்பக்கமாக, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி அடியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு அடிக்கும் பழக்கத்தால் விரலை இழந்தவர்கள் உண்டு. பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், செயினுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் செயின் கிளீனர் ஸ்பிரே.

வெயில், மழை, மலை

ஏப்ரல், மே மாதத்தில் சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றும், சூடான காற்று முழங்காலில் அடிக்கும். ஃபேன் ஓடுவது நல்லது, ஓடாமல் வெப்பக் குறி எரிவதுதான் கெட்டது. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து வழியை அடைக்கும். வாட்டர் வாஷ் கடையில் ரேடியேட்டர் மேல் பிரஷர் பாய்ச்ச விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

மழைக்காலத்தில் திடீரென்று கியர் போட்டதும் இன்ஜின் அணைந்தால் முதலில் சைடு ஸ்டாண்டு ஸ்விட்சைப் பாருங்கள். சேறு அடைத்து, ஸ்டாண்டு கீழே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்டாண்டைப் பத்து முறை மடக்கி நீட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரே போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கிளட்சைப் பிடிக்காமல், லேசாக ஆக்சிலரேட்டரைத் திறந்தபடி திரும்புங்கள். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடித் திறந்தால் ட்வின் இன்ஜின் உதறும், வண்டி கோட்டை விட்டு விலகும். இறங்கும்போது இன்ஜின் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பின் பிரேக்கில் காலை வைத்தே இறங்கினால் 220 மி.மீ. டிஸ்க் சூடேறிப் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

சத்தம் போடும் சைலன்சருக்கு ஐம்பதாயிரம் போவதைவிட, அதில் ஒரு பங்குக்கு நல்ல டயர் இரண்டு வாங்கலாம். பின் டயர் 160/60-17 தான். பார்க்கப் பெரிதாக இருக்கட்டும் என்று 180 போடுபவர்கள் இருக்கிறார்கள். பின் ரிம் 4.5 அங்குல அகலம். அகல டயரை அதில் நெருக்கினால் நடுப்பகுதி கூர்ந்து எழும், சாயும்போது ரப்பர் தரையில் முழுதாகப் படியாது, திருப்பமும் மந்தமாகும். காசு கொடுத்து வண்டியைக் கெடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. பின் மட்கார்டை வெட்டி ‘டெயில் டைடி’ வைத்தவர்கள் முதல் மழையில் முதுகு முழுக்கச் சேற்றுக் கோடோடு ஆபீஸ் போவார்கள்.

வாங்க வேண்டியவை: விழுந்தால் தரையில் முதலில் படும் ஃபிரேம் ஸ்லைடர் இரண்டு பக்கமும், ரேடியேட்டருக்குக் கம்பி வலை, ஒரு ஜோடி உபரி லீவர். இந்த வண்டியின் கிளட்ச் கேபிளில் இயங்குவது. கேபிள் அறுவதற்கு முன் லீவர் முனையில் ஒன்றிரண்டு இழை பிரிந்து நிற்கும், மாதம் ஒருமுறை அங்கே பாருங்கள். புதுக் கேபிள் ஒன்றை வாங்கிப் பழையதன் பாதையிலேயே சேர்த்து ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வையுங்கள். நெடுஞ்சாலையில் அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டிப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.